30 டெசிபலா, 15 டெசிபலா? பஸ், டிரம் செட், திருவிழா: பிள்ளைகள் காதுக்கு எதை வாங்குவது

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா பையனுக்குக் காதைக் காப்பாற்ற என்ன வாங்கித் தருவது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. பையன் வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். தினமும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், வர அதே அளவு. ஏறி உட்கார்ந்ததும் காதில் ஹெட்செட். விடுமுறை வந்தால் தெருப் பையன்களோடு பேண்ட் செட்டில் சைடு டிரம். மாசியில் மயானக் கொள்ளை, வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலம், ஆடி முழுக்கக் கூழ் ஊற்றுவது என்று நம் வடாற்காட்டில் அடிக்கு ஓய்வே கிடையாது. அக்காவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: "அந்த ஹெட்செட்டைப் பிடுங்கி அடுப்புல போடு." அக்கா வீட்டுக்காரர், "வயசுப் பையன், விடு" என்று பேப்பருக்குள் போய்விட்டார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எதையும் ஒப்பிட ஓர் அளவு வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து, போன் போன்ற கருவிகளில் பாட்டு கேட்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது, டெசிபல் நாம் எண்ணிப் பழகிய கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினாலே காதுக்குள் போகும் ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால் கேட்கலாம் என்ற நேரம் பாதியாகிவிடும். 83 டெசிபல் என்றால் வாரத்துக்கு 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் வெறும் இரண்டரை மணி.

ஏன் இவ்வளவு கறார் என்றால், உள்காதில் ஒலியைப் பிடித்து நரம்புக்குத் தரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். கோழிக்குஞ்சுக்கு அவை செத்தாலும் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைக்காது.

பஸ்ஸுக்கு என்ன வாங்குவது

ஓடும் பஸ்ஸுக்குள் என்ஜின், ஜன்னல் அதிர்வு, டிரைவரின் ஏர் ஹார்ன் எல்லாம் சேர்ந்து 80 டெசிபலை எளிதாகத் தொடும். தனியார் பஸ் என்றால் மேலே ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டு வேறு. அந்தச் சத்தத்துக்கு மேல் தன் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் பையன் 90க்கு மேல் வைத்தாக வேண்டும். 92 என்றே வையுங்கள். குடியாத்தம் போய்வர ஆகும் இரண்டரை மணி நேரத்தில், திங்கட்கிழமையே அந்த வாரத்துக்கான அளவு முடிந்துவிட்டது. மீதி நாலு நாள் முழுக்கக் கடன்.

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி காசில்லாதது: போனிலேயே ஒலிக்கு வரம்பு வைப்பது. சாம்சங் போன்களில் மீடியா வால்யூம் லிமிட் என்று ஒன்று உண்டு, பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். ஐபோனில் இன்னும் நேரடியாக 75 முதல் 100 டெசிபல் வரை எது வேண்டுமோ அதில் நிறுத்தலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் வரம்பு என்பது சதவீதம்தான், டெசிபல் அல்ல. அதே 60 சதவீதம் ஒரு ஹெட்செட்டில் மெதுவாகவும் இன்னொன்றில் காதைக் கிழிப்பதாகவும் இருக்கும். அப்புறம், இரைச்சல் அப்படியே இருக்க ஒலியை மட்டும் குறைத்தால் பாட்டு கேட்காது. கேட்காவிட்டால் எந்தப் பையனும் பூட்டைத் திறக்கும் வழியைக் காட்பாடி தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவான். சுற்றிலும் உள்ள சத்தத்தைக் குறைக்காமல் வால்யூமை மட்டும் பூட்டுவதை நான் ஒரு தீர்வாகவே எடுக்கவில்லை. மற்றதோடு சேர்த்து வைத்தால் சரி.

இரண்டாவது, நாய்ஸ் கேன்சலிங் உள்ள இயர்பட்ஸ். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து அதற்கு எதிரான அலையை உள்ளே விட்டு அடக்கும். பஸ் என்ஜினின் 'உர்ர்' என்ற ஒரே சீரான அடித்தொனிக்கு இது பிரமாதம். இரைச்சல் இறங்கினால் பாட்டின் அளவு தானாக இறங்கும், யாரும் மிரட்ட வேண்டாம். இதன் பலனே அதுதான். ஆனால் கடைக்காரர் சொல்வதுபோல இது "காதுப் பாதுகாப்புக் கருவி" அல்ல. திடீரென வெடிக்கும் பட்டாசையோ டிரம் அடியையோ இது தடுக்கும் என்று நம்பக் கூடாது. விலை ஆயிரத்து சொச்சத்தில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன் சர்க்கிளில் இறங்கி நெடுஞ்சாலைப் பக்கம் ரோடு கடக்கும்போதும் இதைக் காதிலேயே வைத்திருப்பவன் காதைக் காப்பாற்றி உயிரை விட்டுவிடுவான். இறங்கும் முன் கழற்று, அதில் பேச்சே இல்லை.

மூன்றாவது, சாதாரண ஹெட்செட்தான், ஆனால் காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்டது. வேலூர் சாரதி மாளிகைக் கடைகளில் வாங்கும் எந்த டப்பாவிலும் சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். நடுத்தரம் ஏற்கெனவே மாட்டியிருக்கும். மீதி இரண்டு ஜோடி டப்பாவோடு குப்பைக்குப் போகும். என் அக்கா பையனின் டப்பாவைத் தேடி எடுத்துப் பெரிய ரப்பரை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். வலது காதுக்குப் பெரியது, இடது காதுக்கு நடுத்தரம் என்று முடிந்தது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சரியாக அடைத்தவுடன் பாட்டில் பேஸ் திடீரென்று கூடும், சுற்றுச் சத்தம் தள்ளிப் போகும். அதுதான் அடையாளம்.

காசு இருந்தால் நாய்ஸ் கேன்சலிங், இல்லாவிட்டால் சரியான ரப்பரோடு போனில் வரம்பு. பஸ்ஸுக்கு என் கணக்கு இதுதான். காதை மூடும் பெரிய ஹெட்போன் "ரொம்ப சேஃப்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் 95 டெசிபல் வைத்தாலும் 95 டெசிபல்தான். கன்ன எலும்பு வழியாகக் கேட்கும் 'போன்' (bone) கண்டக்‌ஷன் வகையைப் பற்றியும் கேட்டார்கள். எலும்பு வழி போனாலும் ஒலி போய்ச் சேரும் இடம் அதே உள்காது. காது திறந்தே இருப்பதால் பஸ்ஸில் இன்னும் கூட்டித்தான் வைப்பார்கள். ரோட்டில் நடக்க நல்லது, பஸ்ஸுக்கு ஆகாது.

டிரம் அடிக்கும் பையனுக்கு

உண்மையான தலைவலி இங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் அவன் ஒலியைக் குறைக்கலாம். டிரம்மைக் குறைத்து அடி என்றால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு பையன் நிற்பான்.

பேண்ட் செட்டுக்கு நடுவில் 100 டெசிபல் என்பது சாதாரணம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதே 3 டெசிபல் விதியில் இறங்கி வந்தால் 94ல் ஒரு மணி நேரம், 100ல் 15 நிமிடம். ஊர்வலம் கிளம்பி முதல் தெரு முனை திரும்புவதற்குள் அந்த 15 நிமிடம் போய்விடும்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக். பாக்கெட்டில் 30, 33 என்று தடுக்கும் டெசிபல் போட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்தில் சரியாகச் செருகி எடுத்த எண். நாம் அவசரத்தில் செருகும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிது. இன்னொரு வகை, இசைக் கலைஞர்களுக்கென்று வரும் ஃபில்டர் பிளக். சிலிகான் உடலுக்குள் ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். தடுப்பது 15 முதல் 20 டெசிபல்தான். விலை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை.

விலை அதிகம், எண்ணோ குறைவு. பார்த்தவுடன் எவரும் ஃபோமைத்தான் எடுப்பார்கள். அக்காவும் அதைத்தான் சொன்னாள்: "முப்பது தடுக்குது, இருபது ரூவா. இதுல யோசிக்க என்னடா இருக்கு?"

யோசிக்க இருக்கிறது. ஃபோம் எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. கீச்சென்ற மேல் ஒலியை அதிகமாகவும் அடி ஒலியைக் குறைவாகவும் தடுக்கும். போட்டுக்கொண்டு அடித்தால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு மேளத்தைக் கேட்பதுபோல இருக்கும். டிரம் விளிம்பில் குச்சி படும் 'டக்' கேட்காது. டிரம்பெட்காரர் பாட்டை மாற்றுவது தெரியாது. தாளம் தப்பும். பையன் என்ன செய்வான்? பாட்டு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு காதுப் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் போட்டு, பிறகு நினைவு வந்தால் திரும்ப மாட்டுவான். "அதப் போட்டா அண்ணன் என்ன சொல்றார்னே புரியல மாமா" என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாலு மணி நேர ஊர்வலம், 100 டெசிபல். 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை, முழுத் திறமையோடு செருகியதாகவே வைத்துக்கொள்வோம். நடுவில் மொத்தம் 15 நிமிடம் மட்டும் கழற்றுகிறான். அந்தக் கால் மணி நேரத்தில் காதுக்குள் போன ஆற்றல், மீதி மூன்றே முக்கால் மணி நேரத்தில் போனதைவிட பல மடங்கு. சராசரி போட்டால் அந்தக் காதுக்குக் கிடைத்த பாதுகாப்பு 30 அல்ல, 12 டெசிபல். பாதி நேரம் கழற்றியிருந்தான் என்றால் வெறும் 3. பிளக்கை 60 டெசிபல் தடுக்கும் மாயப் பொருளால் செய்தாலும் அந்த 3 மாறாது.

ஃபில்டர் பிளக்கை நாலு மணி நேரமும் கழற்றாமல் வைத்திருந்தால் 15 முழுசாகக் கிடைக்கும். 100 டெசிபல் காதுக்குள் 85 ஆகும். நயாஷ் கணக்கில் 8 மணி நேரம் தாங்கும் அளவு அது. மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது புரியும், அதனால் கழற்றத் தோன்றாது. 15ஐப் பெரிதாக்குவது அந்தக் கழற்றத் தோன்றாமைதான். பாக்கெட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், இந்தப் பிள்ளை இதைக் காதில் எவ்வளவு நேரம் வைத்திருப்பான் என்று பார்த்து வாங்குங்கள். அக்கா பையனுக்கு ஃபில்டர் வகையையே எடுத்தேன். காதின் அச்செடுத்துச் செய்து தரும் வகையும் இருக்கிறது. வருமானத்துக்கே வாசிப்பவர்களுக்கு அது லாபம். வளரும் வயதில் காதுத் துவாரமும் மாறும் என்பதால் பள்ளிப் பிள்ளைக்கு இப்போதே அந்தச் செலவு வேண்டாம்.

காசில்லாமல் இன்னொன்றும் செய்தோம். அவன் நிற்கும் இடத்தை மாற்றினோம். டிரம்பெட்டின் வாய் நேராக இவன் இடது காதுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வரிசை தள்ளி, ஓரமாக நிற்கச் சொன்னதற்குக் குழுவில் யாரும் மறுக்கவில்லை. கேட்டால் செய்வார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பஞ்சு வைக்கலாமே என்று பாட்டிமார் சொல்வதுண்டு. சாதாரணப் பஞ்சு தடுப்பது சில டெசிபல்தான், ஆனால் வைத்தவருக்கு ஒரு தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியத்தில் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கே தீர்ப்பு தலைகீழ். வாசிக்காமல் வெறுமனே பார்க்கப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஃபோம் போதும். அவர்கள் தாளம் கேட்டு எதையும் அடிக்கப் போவதில்லை. ஒரு டப்பா வாங்கி ஆளுக்கொரு ஜோடி கொடுக்கலாம். செருகும் விதம்தான் முக்கியம், பலர் மேலாக ஒட்டவைத்துக்கொண்டு "இது வேலை செய்யல" என்கிறார்கள். சுத்தமான விரலால் பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துவாரம் நேராகும். சட்டென்று உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அது விரிந்து அடைக்கும் வரை. முன்னாலிருந்து பார்ப்பவருக்குப் பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் பாதிதான் போயிருக்கிறது. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடிப் பாருங்கள். மூடுவதற்கும் எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

அதைவிட மலிவானது தள்ளி நிற்பது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து 2 மீட்டரில் நிற்பவன் 8 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் மிச்சம். பாலாற்று மணலில் மயானக் கொள்ளை பார்ப்பவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். இரண்டு பக்கமும் சுவர் நெருக்கும் சந்துக்குள் ஊர்வலம் வரும்போது அவ்வளவு குறையாது, ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். அங்கே பிளக் இல்லாமல் நிற்க வேண்டாம். பட்டாசுக்கும் அப்படியே. சட்டம் அனுமதிக்கும் வெடியே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை போகலாம். அதற்குத் தூரமும் பிளக்கும் இரண்டும் வேண்டும்.

இடுப்புக் குழந்தைகளுக்கு ஃபோம் கூடவே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். காதுத் துவாரமும் சின்னது. அவர்களுக்கு வெளியே மூடும் இயர் மஃப் இருக்கிறது. ஆனால் சிரசுத் திருவிழா வருவது மே மாத நடுவில். 40 டிகிரி தாண்டும் வெயிலில், வேர்வையில், எந்தக் குழந்தை அதை அரை மணி நேரம் தலையில் வைத்திருக்கும்? தரணம்பேட்டையில் சிரசு கிளம்பும்போது கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் என் யோசனை. இரவு வாணவேடிக்கையை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் போதும்.

சட்டத்தை நம்பலாமா

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஏட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. தூங்க முடியாத நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது உதவும். ஆனால் பாக்ஸுக்கு முன்னால் ஆசையாகப் போய் ஆடுகிற பையனின் காதை எந்தப் போலீஸ்காரரும் காக்க முடியாது. சொந்தத் தெரு விழாவில், பங்காளிகள் மேல் புகார் கொடுக்கப் போகிறவர்களும் நம்மில் அதிகம் இல்லை.

இதைவிட விழாக் குழு கூடும்போதே மைக் செட்காரரிடம் பேசுவது பலன் தரும். பாக்ஸைத் தரையில் அடுக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றச் சொல்லலாம். முன்னால் மூன்று மீட்டர் கயிறு கட்டச் சொல்லலாம். அவருக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை, பாக்ஸ் மேல் பிள்ளைகள் ஏறிக் குதிக்காமலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022ல் இசை நிகழ்ச்சிகளுக்கு வைத்த தரத்தில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதியான இடம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கல்லூரி கல்ச்சுரல்ஸ் நடத்தும் மாணவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். பந்தலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால், அந்த அமைதியான இடத்துக்கு ஓர் ஓரத்தைத் தடுத்துத் தருவது பெரிதில்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் பட்டறையில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிறு டிஜேவுக்குப் போகும் பையன்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. நயாஷ் அளவைவிட அது தளர்வு. அந்த வாரத்துக்கு மேல் ஞாயிறும் சேர்ந்தால் காதுக்கு ஓய்வு நாளே இல்லை. அவர்களுக்கு வேலையிடத்தில் தரும் ஃபோமையே ஞாயிறும் எடுத்துப் போகச் சொல்வேன்.

வாங்கியது வேலை செய்கிறதா

அடி முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதில் 'ஙொய்' என்று கேட்கிறதா, பேச்சு அடைத்தாற்போல் இருக்கிறதா என்று பையனைக் கேளுங்கள். கேட்டால் அன்றைய பாதுகாப்பு போதவில்லை. இடத்தை மாற்றணும், அல்லது பிளக்கைச் சரியாகப் போடணும். மறுநாள் சரியாகிவிட்டது என்பதற்காக ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாசிக்கிற பிள்ளைகளுக்கு வருடம் ஒரு முறை ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுப்பது நல்லது. சத்தத்தால் வரும் இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும், பேச்சில் இன்னும் எந்தக் குறையும் தெரியாத காலத்திலேயே. சிஎம்சியிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் காலை போய் நிற்க வேண்டாம், தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதற்கான மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன், அதனால் அன்றே போய்விட வேண்டும்.